ஒபிஸ் ஈமெயிலும் ஊரின் அமானிதமும்

ஒபிஸ் கணினியில் இருக்கிற ஈமெயில் மென்பொருளைப் புதுப்பிப்பதெல்லாம் ஃபேஸ்புக்கில் எழுதுகிற விசயமா என்று சிலர் நினைப்பீர்கள். எழுத வேண்டிய விசயம்தான். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு பாடசாலையின் ஈமெயிலுக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வலயக் கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கைகள் மட்டுமல்ல. உங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உதவிப்பணத்துக்குக் கொடுத்த வங்கிப் புத்தகப் பிரதி, "மகனுக்கு வலிப்பு இருக்கு, வகுப்பாசிரியருக்கு மட்டும் சொல்லுங்க" என்று ஓர் உம்மா எழுதிய கடிதம், மகளின் பெயர்த் திருத்தத்துக்காகக் கட்டாரிலிருந்து ஒரு வாப்பா அனுப்பிய சத்தியக்கடதாசி எல்லாம் அதற்குள்தான். இவை எங்கள் பாடசாலையின் சொத்து அல்ல. ஊர் எங்களிடம் தந்த அமானிதம்.

2022 ஜூன் மாதம் ஞாபகம் இருக்கும். பெற்றோல் வரிசை, கரண்ட் கட். பாடசாலைகளும் மூடப்பட்டிருந்தன. அறிவித்தல்கள் எல்லாம் ஈமெயிலில்தான் வந்தன. அந்த நேரம் பார்த்து எங்கள் ஒபிஸ் அவுட்லுக் பாஸ்வேர்ட் கேட்கத் தொடங்கியது. சரியாக அடித்தாலும் மீண்டும் கேட்டது. ஒபிஸில் இருக்கும் நானா கோல் எடுத்தார். "சேர், பாஸ்வேர்ட் மாறல்ல. இதே பாஸ்வேர்ட் போன்ல வேல செய்யுது. இங்கதான் ஏலாதெண்டு சொல்லுது."

நான் கணிதம் படிப்பிக்கிறவன். கல்வியியல் கல்லூரியில் கொஞ்சம் கணினி பழகியதால் இப்படியான வேலைகள் என் தலையில் விழும். பார்த்தால், கோளாறு எங்கள் கணினியில் இல்லை. வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளி மென்பொருள்கள் ஜிமெயிலுக்குள் வருவதை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியிருந்தது. அப்படிக் கொடுக்கும் பாஸ்வேர்ட் திருடு போனால் கணக்கே போய்விடும் என்பதுதான் காரணம். புதிய மென்பொருள்கள் கூகுளின் சொந்தப் பக்கத்தைத் திறந்து, அங்கே உள்நுழைய வைத்து அனுமதி வாங்கும். எங்களிடம் இருந்ததோ அவுட்லுக் 2010. அதற்கு அந்த முறை தெரியாது. மைக்ரோசொஃப்டும் 2020 ஒக்டோபர் 13 உடன் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை நிறுத்தியிருந்தது.

ஒரு கடையில் கேட்டோம். "பென் டிரைவ்ல புது ஒபிஸ் இருக்கு, பத்து நிமிசத்துல போட்டுத் தாறன். வைரஸ் கார்டை மட்டும் கொஞ்சம் ஓஃப் பண்ணணும்" என்றார்கள். இதை எல்லோரும் கவனியுங்கள். கள்ள மென்பொருளைப் போடுவதற்காகக் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் ஒபிஸோடு சேர்ந்து வேறு என்ன உள்ளே வரும் என்று யாருக்குத் தெரியும்? நானா சம்மதிக்கவில்லை. "புள்ளைகள்ட பேப்பர் இருக்கிற கொம்பியூட்டர் சேர் இது" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. எங்கள் அவுட்லுக் 'பொப்' முறையில் ஓடியது. கடிதங்களைக் கணினிக்கு இறக்கிவிட்டு, ஜிமெயிலில் இருப்பதை அழித்துவிடும்படி யாரோ அமைத்திருந்தார்கள். 2011 முதல் வந்த கடிதங்கள் அத்தனையும் அந்த ஒரு கணினியில், பிஎஸ்டி என்ற ஒரே ஒரு கோப்பில். வேறு எங்கும் இல்லை. புதுசு போடுகிறேன் என்று ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை ஃபோர்மட் செய்திருந்தால், பதினொரு வருடக் கடிதங்கள் பத்து நிமிடத்தில் போயிருக்கும்.

எனவே முதலில் அவுட்லுக்கை மூடிவிட்டு அந்தக் கோப்பை இரண்டு வெளி டிஸ்க்குகளில் எடுத்தோம். ஒன்று அதிபரின் அலுமாரியில், மற்றது வேறு கட்டடத்தில். இன்னொரு கணினியில் அந்தப் பிரதியைத் திறந்து கடிதங்களை எண்ணிப் பார்த்தோம். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று சொல்ல முடியாது. பிறகு ஜிமெயிலில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, பழைய மென்பொருள்களுக்காகக் கூகுள் தரும் 16 எழுத்துத் தனிப் பாஸ்வேர்டால் தற்காலிகமாக வேலையை ஓட்டினோம். அந்த வருட முடிவில் ஒரு பழைய மாணவர் வின்டோஸ் 10 உம், முறையான உரிமத்தோடு ஒபிஸ் 2019 உம் உள்ள கணினி ஒன்றைத் தந்தார். 'ஐமெப்' முறைக்கு மாறினோம். இப்போது கடிதங்கள் சேர்வரிலும் இருக்கும், கணினியிலும் இருக்கும்.

மாறிய பிறகு ஒரு வேடிக்கை. பழைய கடிதங்களைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ ஒன்று. காரணம், அவை பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினி வெறும் ஆங்கில எழுத்துத்தான். எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்தது. ஆனால் போனில் திறந்தால் இன்றும் வராது. அன்றிலிருந்து எங்கள் ஒபிஸ் கடிதங்கள் யுனிகோடில் மட்டும்தான்.

இதெல்லாம் வீண் பயம் என்பவர்களுக்கு எங்கள் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. சுமார் 5,000 அரச ஈமெயில் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். வலையமைப்புக்கு வெளியே அவற்றுக்குப் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதன் ஆதரவுக் காலம் அந்த வருடம் ஏப்ரல் 11 இலேயே முடிந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறத் திட்டம் இருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய சபைத் தீர்மானங்களாலும் தாமதமாகிவிட்டது என்று பொறுப்பான நிறுவனமே சொன்னது. "வேலை செய்யுதுதானே" என்று தள்ளிப்போட்டதற்கு நாடு கொடுத்த விலை அது.

இப்போது எங்கள் முறை மீண்டும் வந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10 இன் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. அதே நாளில் ஒபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் முடிந்தது. கணினி அடுத்த நாள் நின்றுவிடவில்லை. அதுதான் பிரச்சினை. நின்றிருந்தால் எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆளில்லாமல் அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். 2023 மார்ச்சில் அவுட்லுக்கில் ஓர் ஓட்டை வெளியே வந்தது. கடிதத்தைத் திறக்கவே தேவையில்லை, வந்து சேர்ந்தாலே உள்நுழைவுத் தகவல் கசியும். ஆதரவில் இருந்த பதிப்புகளுக்குத் திருத்தம் வந்தது. பழையவற்றுக்கு வரவில்லை.

இலவசமாகக் கிடைக்கும் புதிய அவுட்லுக் போதாதா என்று சிலர் கேட்டார்கள். பாவிக்கலாம். ஆனால் அதில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால் கடிதங்களின் பிரதி மைக்ரோசொஃப்டின் கிளவுடுக்கும் போகும். அது சரியா என்று பாடசாலை தெரிந்து முடிவெடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 'ஓகே' அழுத்துகிற விசயமல்ல. பணம் இல்லாவிட்டால், புதுப்பிக்கப்பட்ட பிரவுசரில் நேரடியாக ஜிமெயிலைத் திறப்பது, ஆதரவு முடிந்த அவுட்லுக்கைவிட எவ்வளவோ மேல்.

இந்த மாதம் அபிவிருத்திச் சங்கத்தில் இதற்கு ஒரு தொகை கேட்கப்போகிறோம். கேட்டுக்கு பெயின்ட் அடிக்கும் செலவோடு இதுவும் போட்டி போடும். கேட்டில் உள்ள துரு எல்லோர் கண்ணுக்கும் தெரியும், இது தெரியாது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் இதை மனதில் வைத்து வாருங்கள்.

ஊரில் பள்ளிவாசல் நிர்வாகம், ஜனாஸா சங்கம், சனசமூக நிலையம், மருந்தகம் என்று எத்தனையோ இடங்களில் ஒபிஸ் கணினி இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் நாளைக்கே மூன்று விசயத்தைப் பாருங்கள். என்ன பதிப்பு ஓடுகிறது, அதற்கு இன்னும் ஆதரவு இருக்கிறதா? கடிதங்கள் ஒரே கணினியில் மட்டுமா இருக்கின்றன? இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு யாருடைய போனுக்குப் போகிறது, அவர் வெளிநாடு போனால் என்ன செய்வீர்கள்? பதில் தெரியாவிட்டால் கொமென்டில் கேளுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அங்கே எழுதிவிடாதீர்கள்.