வயலில் தூவிய களைக்கொல்லி எங்கே போகிறது? பொன்னேரியில் இருந்து எர்ணாவூர் வரை...

‘நாற்று நட்ட மூன்றாம் நாள், இரண்டு மருந்து கலந்த களைக்கொல்லிக் குருணையைத் தூவினேன். அறுவடை முடிந்ததும் அதே வயலில் உளுந்து விதைக்கலாமா? மருந்து மண்ணில் எத்தனை நாள் இருக்கும்?’

பொன்னேரி பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. தூவிய மருந்தில் ஒரு பங்கு மண்ணில் சிதைகிறது, ஒரு பங்கு மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது, ஒரு பங்கு வடிநீரோடு போகிறது. அந்த வழியைப் பார்க்க, பொன்னேரியில் இருந்து எர்ணாவூருக்குப் புறநகர் ரயிலில் போய் வந்தோம்.

ரயில் ஜன்னலில் தெரியும் பாடம்

பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர் வரை இருபுறமும் நெல் வயல்கள். நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு தாண்டியதும் வயல் குறைந்து புகைபோக்கிகள் கூடுகின்றன. அத்திப்பட்டு புதுநகருக்கும் எண்ணூருக்கும் நடுவில் கொசஸ்தலை ஆற்றின் மேல் ரயில் போகிறது. பூண்டி, வல்லூர் அணைக்கட்டு வழியாக வரும் ஆறு இங்கேதான் கடலைச் சேருகிறது. மழைக்காலத்தில் வழியிலுள்ள வயல்களின் வடிநீரும் இதில்தான் கலக்கிறது.

விம்கோ நகரில் இறங்கினால் எர்ணாவூர். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாயைத் தாண்டினால் மணலி. நம் யூரியா மூட்டைகளில் பலவற்றை அனுப்பும் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் ஆலை அங்கேதான் இருக்கிறது. நாம் பார்க்கப்போகும் கணக்கில் யூரியாவுக்கும் ஓர் இடம் உண்டு.

ஒரு பை, இரண்டு கணக்கு

நடவு வயலில் பரவலாகத் தூவும் குருணையில் பென்சல்ஃப்யூரான் மீதைல் 0.6 சதவிகிதம், பிரெட்டிலாகுளோர் 6 சதவிகிதம் இருக்கும். ஏக்கருக்கு 4 கிலோ தூவினால் முதலாவது 24 கிராம், இரண்டாவது 240 கிராம் வயலில் விழுகிறது. ஒரே பையில் வந்தாலும் இரண்டும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. ஆகவே ‘இந்த மருந்து இத்தனை நாள்’ என்று பைக்கு ஒரே கணக்குச் சொல்ல முடியாது.

மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை ‘அரை ஆயுள்’ என்பார்கள். அது ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வோம். 240 கிராம் ஒரு மாதத்தில் 120, அடுத்த மாதம் 60, பிறகு 30, நான்காம் மாத முடிவில் 15 கிராம். அடியோடு தீர்ந்துவிடவில்லை, தேய்ந்துகொண்டே போகிறது. மண் காய்ந்தாலோ, மட்கு குறைந்தாலோ இந்தத் தேய்மானம் மெதுவாகும்.

காரமும் உப்பும்

பென்சல்ஃப்யூரான், மெட்சல்ஃப்யூரான், குளோரிமியூரான் போன்றவை ‘சல்ஃபோனைல் யூரியா’ குடும்பம். பெயரில் யூரியா இருந்தாலும் உரமில்லை. இவை அமில மண்ணில் தண்ணீரோடு வினைபுரிந்து சீக்கிரம் உடையும். கார மண்ணில் அந்த வேகம் குறைந்து நீண்ட நாள் தங்கும். மெட்சல்ஃப்யூரானும் குளோரிமியூரானும் கலந்த 20 சத தூளை ஏக்கருக்கு வெறும் 8 கிராம்தான் அடிக்கிறோம். அவ்வளவு சிறிய அளவே களையைக் கொல்லும் என்றால், மிச்சம் துளியாக இருந்தாலும் பயறு, காய்கறிப் பயிர்கள் தாங்காமல் போகலாம்.

மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகளில் கடல்நீர் ஏறிய கதை பல பத்தாண்டுப் பழையது. ஆனால், உப்பு வேறு, காரம் வேறு. உப்புத் தண்ணீர் பாயும் நிலமெல்லாம் கார நிலம் ஆகிவிடாது. மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை 8-ஐ ஒட்டியோ, அதற்கு மேலோ இருந்தால் இந்தக் குடும்ப மருந்துகளில் கவனம் தேவை. திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதுபற்றிக் கேட்கலாம்.

தின்னும் நுண்ணுயிர்

மண்ணில் பெரும்பாலான வேலையைச் செய்வது நுண்ணுயிர்கள். 2,4-டி போன்ற மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்ட மண்ணில், அதைத் தின்னப் பழகிய நுண்ணுயிர்கள் பெருகி, அடுத்தமுறை இன்னும் வேகமாகச் சிதைக்கும். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசினில் இருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் பாக்டீரியா, அமெரிக்காவில் களைக்கொல்லி சிந்திய இடத்து மண்ணில் 1990-களில் பிரித்தெடுக்கப்பட்டது.

யூரியா வருவது இங்கேதான். சுலபமான தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால், அட்ரசினை உடைத்துத் தின்னும் வேலை சுணங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூட்டு மருந்திலும் இப்படி நடக்கலாம். ஒன்றைத் தின்னும் நுண்ணுயிரை இன்னொன்று முடக்கினால் முதலாவது சிதைவது தாமதமாகும். எல்லா மண்ணிலும் இப்படி ஆவதில்லை. ஆனாலும், லேபிளில் சொல்லாத மருந்துகளை டேங்கில் நாமாகக் கலப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

சிதைந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. கிளைஃபோசேட் உடைந்து ‘ஆம்பா’ என்ற வேறொரு பொருளாகிறது. அது தாய் மருந்தைவிட நீண்ட நாள் மண்ணில் இருக்கக்கூடும்.

வடிநீருக்கு வரப்புதான் எல்லை

எண்ணூர் முகத்துவாரத்தில் இறால், நண்டு பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏற்கெனவே சாம்பல் கழிவோடு போராடுபவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய்க் கசிவும் இவர்கள் தலையில்தான் விழுந்தது. களைக்கொல்லிகள் தண்ணீரில் கலந்தால் பாசியைத் தாக்கும். பாசிதான் அங்குள்ள உயிர்களின் உணவுக்கு அடிப்படை. தொழிற்சாலைக் கழிவை நம்மால் நிறுத்த முடியாமல் இருக்கலாம். நம் மடையை நம்மால் அடைக்க முடியும்.

குருணை தூவும்போது வயலில் மெல்லிய நீர் நிற்கட்டும். அடுத்த சில நாள்களுக்கு வடிக்க வேண்டாம். கனமழை அறிவிப்பு இருந்தால் தூவுவதைத் தள்ளிப்போடுங்கள். தொழு உரம் போட்டு நுண்ணுயிருக்குத் தீனி கொடுங்கள். ஒரு போகத்திலாவது கோனோவீடர் ஓட்டினால் மருந்துச் செலவும் மிச்சம்.

உளுந்து விதைக்கலாமா?

முதலில் லேபிளைப் பார்த்து, அடுத்த பயிருக்கு இடைவெளி சொல்லியிருந்தால் அதன்படி நடங்கள். பிறகு வயலில் ஏழெட்டு இடங்களில் அரை அடி ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து மூன்று தொட்டிகளில் நிரப்புங்கள். களைக்கொல்லி படாத, அதே வகை மண்ணை வேறு மூன்று தொட்டிகளில் நிரப்புங்கள். எல்லாவற்றிலும் பத்துப் பத்து உளுந்து விதைத்து, ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பிடுங்கி வேரையும் குருத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் விதைக்கலாம். மருந்து பட்ட மண்ணில் வேர் குட்டையாகவோ, இலை வெளுத்தோ இருந்தால் ஓர் உழவு ஓட்டி, ஈரம் காத்து, சில வாரம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். செலவு ஒரு கைப்பிடி உளுந்துதான்.