சின்னவளின் முழங்கால்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு. சந்தாபுரா

காலையில் சின்னவள் லண்டனிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா பக்கத்துல இல்லாத இடமாப் போங்கப்பா" என்றாள். மொட்டைமாடிக்குப் போனேன். ஏப்ரலில் படிக்கட்டில் வழுக்கி முழங்கால் பிசகிவிட்டது என்று சொல்லியிருந்தாள். படிக்கட்டெல்லாம் இல்லையாம். ரக்பி ஆடும்போது எதிராளி இவளை இழுத்துச் சாய்க்க, ஊன்றிய கால் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பி, உள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது. ஏ.சி.எல். என்கிறார்கள். மாதக் கடைசியில் ஆபரேஷன்.

ரக்பியா என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ரெண்டு வருஷமாக, டியூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு பெண்கள் கிளப்பில் ஆடுகிறாளாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சரி என்றுவிட்டேன்.

ராத்திரி பதினொன்று. தூக்கம் வரவில்லை. அவள் தொழில் நர்ஸ். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி செய்கிற வேலை. நான் வேலை பார்த்த பட்டறைகளில் பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கூலிக்காக நின்றவர்கள். இவளோ கிளப்புக்கு வருஷச் சந்தா கட்டி ஆடுகிறாளாம். காசையும் கட்டி உடம்பையும் கொடுப்பது எந்த ஊர்க் கணக்கு?

ஆகஸ்ட் 12

லண்டன் போவதற்காக விசா மையத்தில் கைரேகை கொடுத்துவிட்டு வந்தேன். ஓசூரில் பெரியவளுக்குப் பிரசவ மாதம், அவள் அம்மா இங்கிருந்து நகர முடியாது. அதனால் நான்தான் போக வேண்டும். பொம்மசந்திராவிலிருந்து மஞ்சள் தட மெட்ரோவில் போனேன், அதை நேற்றுத்தான் மக்களுக்குத் திறந்தார்கள். வண்டிக்கு வண்டி இருபத்தைந்து நிமிஷம். எத்தனை வருஷம் அந்தத் தூண்களுக்குக் கீழே ஓசூர் ரோட்டு நெரிசலில் நின்றிருப்போம்! பெட்டியில் எல்லோரும் செல்போனை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி கடந்துபோனதே எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி

நேற்று ஆபரேஷன் முடிந்தது. தொடைக்குப் பின்னால் இருக்கும் நாரில் கொஞ்சம் எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்த இடத்தில் கோத்திருக்கிறார்களாம். துளை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கிளப் தோழிகள்தான் முறை போட்டுக் கூட இருக்கிறார்கள். இங்கே தெரு முழுக்க பேண்டு சத்தம். அந்தப் படிக்கட்டில் தண்ணீர் விட்டவன் யாரோ, அவனை அவள் அம்மா இன்னும் திட்டித் தீர்க்கிறாள்.

செப்டம்பர் 6, ஹவுன்ஸ்லோ

கதவைத் திறந்தபோது இரண்டு பக்கமும் ஊன்றுகோல். இளைத்திருக்கிறாள். வலது தொடை இடது தொடையில் பாதி.

செப்டம்பர் 9

ரக்பியைப் பற்றிய பேச்சு முற்றியது. அவள் சாப்பிடவில்லை. நானும்.

செப்டம்பர் 19

பெண்கள் ரக்பி உலகக் கோப்பை இங்கிலாந்திலேயே நடக்கிறது. சாயங்காலம் டி.வி.யில் அரையிறுதி, பிரிஸ்டலில் கனடாவும் நியூசிலாந்தும். வேண்டாம் என்று சமையலறையில் இருந்தவன் ரசம் கொதிக்கிறவரை எட்டிப் பார்த்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பந்தை முன்னால் வீசக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும். முன்னேறுவதற்குக் காலும் தோளும் மட்டும்தான். கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. கனடா 34, நியூசிலாந்து 19. ஆறு முறை கோப்பை வாங்கியவர்கள் நியூசிலாந்துக்காரர்கள் என்றாள்.

கனடா அணியில் சோஃபி டி கூடே என்றொரு பெண். உயரம், பலம், பந்தை உதைப்பதும் அவளே. "அவளுக்கும் இதே ஏ.சி.எல். தாம்ப்பா, போன வருஷம்" என்றாள் சின்னவள். நான் அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் காலை மட்டுமே பார்த்தேன். எந்தக் கால் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். கனடா அணி தரவரிசையில் இரண்டாமிடம். அப்படியும் இந்தப் போட்டிக்குத் தயாராகப் பணம் போதாமல், பத்து லட்சம் கனடா டாலர் வேண்டும் என்று பொதுமக்களிடம் நன்கொடை கேட்டுத் திரட்டினார்களாம். உலகத்திலேயே இரண்டாவது அணி! எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று ட்விக்கன்ஹாமில் இறுதி ஆட்டம், இங்கிலாந்தும் கனடாவும். டிக்கெட் அவள் காலில் அடிபடுவதற்கு முன்பே வாங்கியது. தோழி தன் டிக்கெட்டை எனக்குக் கொடுத்துவிட்டாள். ஒற்றை ஊன்றுகோலோடு மாற்றுத்திறனாளிகள் வாசல் வழியாக மெல்லப் போனோம். ட்விக்கன்ஹாம் மைதானம் இருக்கும் இடத்தை 1907இல் வாங்கும்போது அது காய்கறித் தோட்டமாம். இன்றைக்கும் 'முட்டைக்கோஸ் தோட்டம்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். ஆனேக்கல் ரோட்டில் நாங்கள் குடிவந்த புதிதில் பார்த்த ராகிக் கொல்லைகளை நினைத்தேன். அங்கே இப்போது அடுக்குமாடி.

81,885 பேர். பெண்கள் ரக்பிக்கு இதற்குமுன் இவ்வளவு கூட்டம் எங்கேயும் வந்ததில்லை. 2010 இறுதி ஆட்டம் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சின்ன மைதானத்தில்தான் நடந்ததாம், பதின்மூவாயிரம் பேர். முதல் உலகக் கோப்பை 1991இல் வேல்ஸில். சர்வதேச ரக்பிச் சங்கம் அங்கீகாரமே தரவில்லை. பெண்களே ஏற்பாடு செய்து, தங்கள் கைக்காசில் வந்து ஆடினார்கள். அன்றைக்குக் கனடாவின் கேப்டன் ஸ்டெஃபனி வைட். டி கூடேயின் அம்மா. அப்பா ஹான்ஸ் டி கூடே 1987இல் கனடா ஆண்கள் அணிக்குக் கேப்டன். என்ன அடி விழும் என்று தன் உடம்பாலேயே தெரிந்த ஒரு அம்மா மகளை இதற்குள் அனுப்பியிருக்கிறார். தெரியாத நான்தான் இங்கே பயந்துகொண்டிருக்கிறேன். தெரிந்தால் பயம் குறையுமா, கூடுமா? அவரிடமே கேட்க வேண்டும் போலிருந்தது.

நாலு மணிக்கு ஆரம்பம். முதலில் புள்ளி எடுத்தது கனடா. ஆசியா ஹோகன்-ரொச்செஸ்டர் ஓரமாகப் போய் வைத்துவிட்டாள். கூட்டம் ஒரு கணம் அடங்கியது. பிறகு இங்கிலாந்தின் எல்லி கில்டன் மைதானத்தின் நடுவிலிருந்து நாலைந்து பேரை ஏமாற்றி ஓடிய ஓட்டம்! பக்கத்துச் சீட்டுக் கிழவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். இடைவேளையில் 21-8. அதற்குப் பிறகும் கனடா விடவில்லை, 21-13 வரை வந்தது. ஆனால் இங்கிலாந்துக்காரிகள் ஒட்டுமொத்தமாகக் குனிந்து தள்ள ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. அவர்கள் 2019 முதல் முழுநேரச் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோற்ற பிறகு ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை. சம்பளம் என்ன செய்யும் என்பதை அந்தத் தள்ளலில் பார்த்தேன். 33-13.

ஆடுகிறவர்களின் பல்காப்பில் ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். தலையில் பலத்த அடி விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும், நடுவர் உடனே பரிசோதனைக்கு அனுப்புவார். இந்தக் கோப்பையில்தான் முதல்முறை. நல்ல வேலை. செய்தவர்கள் கையைப் பிடித்துப் பாராட்ட வேண்டும். முழங்காலுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? முறுக்கு இவ்வளவுக்கு மேல் போனால் பிடியை விட்டுவிடுகிற மாதிரி ஷூ ஆணியைச் செய்ய முடியாதா? ரயிலில் ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன்.

ஒரு இடத்தில் டி கூடே மூன்று பேருக்கு அடியில் விழுந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். "எந்திரி கண்ணு, எந்திரி" என்று தமிழில் கத்தியிருக்கிறேன். எழுந்தாள். எழுந்த வேகத்தில் அடுத்த ஆளைப் பிடிக்க ஓடினாள். சின்னவள் என்னைப் பார்க்காமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது, "நீ எந்த இடத்துல ஆடுவே?" என்று கேட்டேன்.

"ஏழாம் நம்பர்ப்பா. பந்து எங்க விழுதோ அங்க முதல்ல போய் நிக்கணும்."

வீடு வரும்வரை ஏழாம் நம்பரைப் பற்றியே பேசினாள். இந்தியாவிலும் பெண்கள் ஆடுகிறார்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள், 2019இல் மணிலாவில் சிங்கப்பூரை வென்றார்கள் என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

பட்டறையில் மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்ட படம் அனுப்பியிருக்கிறார்கள். இங்கே மழை. உலக ரக்பியின் இந்த ஆண்டுச் சிறந்த வீராங்கனை டி கூடேதானாம். சின்னவள் முழங்கால் இன்று தொண்ணூறு டிகிரிக்குச் சுலபமாக மடங்கியது.

அக்டோபர் 21, சந்தாபுரா

தீபாவளியன்று அவளே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெரியவள், குழந்தை, மருமகன் எல்லோரும் கூடத்தில் இருக்கிறார்கள். அவள் அம்மா போனை வைத்துவிட்டு உள்ளே போய் அதிரசத்தைத் தட்டில் அடுக்கினாள். ராத்திரிதான் பேசினாள்.

"மறுபடியும் ஆடுவாளா?"

"ஒன்பது மாசமாவது ஆகும்னு சொல்லியிருக்காங்க."

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லை" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்றைக்கும் என்னோடு பேச்சில்லை.

நவம்பர் 9

சின்னவள் பாதி நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நிற்கும் சைக்கிளில் இருபது நிமிஷம் மிதிக்கிறாள். கிளப்புக்கு இந்த வருஷச் சந்தாவும் கட்டியிருக்கிறாள். ஆடாதவர்களுக்குப் பாதிதானாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.