அட்டை வீடும் அதன் பின்பக்க ஓட்டையும்

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு அட்டை வீடு. கூரை மேல் பனி விழுந்தது போல மினுமினுக்கும் தூள். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் சிவப்போ மஞ்சளோ செல்லோஃபேன் தாள். வாசலில் ஒரு குட்டி வேலி. பக்கத்தில் ஒரு மரம். அது வேறொன்றுமில்லை, நம் வீட்டில் முதுகு தேய்க்கிற பீர்க்கை நாருக்குச் சாயம் போட்டது! வீட்டின் பின்பக்கம் மட்டும் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். அது எதற்கு என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

அமெரிக்காவில் இவற்றை 'புட்ஸ்' வீடுகள் என்கிறார்கள். 'புட்சன்' என்ற ஜெர்மன் சொல்லுக்குச் சுத்தம் செய்வது, அலங்கரிப்பது என்று பொருள். 1741-ல் பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்ற ஊரை உருவாக்கிய மொரேவியன் கிறிஸ்தவர்கள், கிறிஸ்துமஸுக்குப் பாசியும் மரக்கிளையும் பொம்மைகளும் வைத்து இயேசு பிறப்புக் காட்சி அமைப்பார்கள். அதற்குப் பெயர் 'புட்ஸ்'. பின்னாளில் மற்றவர்களும் மரத்தடியில் ஒரு குட்டி கிராமத்தையே அமைக்கத் தொடங்கினார்கள். சுற்றிலும் பொம்மை ரயில் வேறு!

அந்தக் கிராமத்துக்கு வீடுகள் ஜப்பானிலிருந்து வந்தன. 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் ஊல்வொர்த் போன்ற மலிவு விலைக் கடைகளில் சில சென்ட்டுகளுக்கே கிடைத்தன. 1941-ல் இரு நாடுகளும் போரில் இறங்க, வரத்து நின்றது. போருக்குப் பின் மறுபடி வந்தவற்றில் சிலவற்றின் அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது' என்ற முத்திரை இருக்கும். அமெரிக்க ஆக்கிரமிப்பு 1952-ல் முடிந்தது என்பதால், அந்த முத்திரையே வீட்டின் வயதைச் சொல்லிவிடும். அப்புறம் பிளாஸ்டிக் வந்தது, அட்டை ஓரங்கட்டப்பட்டது.

இன்று இவற்றைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அலமாரியில் பஞ்சை விரித்து, சின்ன வீடுகளைப் பின்னால் உயரத்திலும் பெரியவற்றை முன்னாலும் வைத்தால் கிராமம் தூரம் வரை நீள்வது போலத் தெரியும். தூசியை மென்மையான பிரஷ்ஷால்தான் தட்டவேண்டும். தண்ணீர் பட்டால் பசை இளகி மினுமினுப்பு உதிர்ந்துவிடும்.

இப்போது அந்த ஓட்டைக்கு வருவோம். அது பல்பு நுழைப்பதற்கு. அந்தக் காலச் சரத்தில் 120 வோல்ட்டை 8 பல்புகள் ஆளுக்கு 15 வோல்ட்டாகப் பங்கிட்டுக்கொண்டன. நம்ம ஊர் சீரியல் லைட் மாதிரியேதான். ஒன்று ஃபியூஸ் போனால் எல்லாம் அவுட்! ஆனால் உண்மையான பிரச்சினை சூடு. மூடிய அட்டைப் பெட்டிக்குள் எரிகிற பல்பு செல்லோஃபேனைச் சுருக்கும், அட்டையைப் பழுப்பாக்கும். குழந்தைகள் ஆசையாக வருஷா வருஷம் ஏற்றிய வீடுகள் வீணாயின. பெட்டியிலேயே தூங்கிய வீடுகள் புதுசு போலப் பிழைத்தன. சேகரிப்பவர்கள் அதிக விலை கொடுப்பது அந்தத் தூங்கிய வீட்டுக்குத்தான்.

அப்படியானால் ஏற்றுவதா, பாதுகாப்பதா? நல்லவேளையாக இப்போது எல்.இ.டி. இருக்கிறது. அதில் சூடு மிகக் குறைவு. மங்கலான மஞ்சள் ஒளியில் ஒன்றை உள்ளே வைத்துச் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஏற்றினால் போதும். கண்ணாடிப் பெட்டியில் இருட்டாக நிற்பதை விட, நாலு பிள்ளைகள் எட்டிப் பார்க்க ஜன்னல் சிவப்பாக ஒளிர்வதுதான் அந்த வீட்டுக்கு அழகு. பழுத்துப்போன ஒரு சுவரையும் அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.