மேல்மாடியா, மேற்படிப்பா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஆயுளில் இரண்டு பெரிய லட்சியங்கள் உண்டு. ஒன்று, சொந்த வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்புவது. மற்றொன்று, நமக்குக் கிட்டாத படிப்பைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது. இவ்விரண்டும் ஒரே வருஷத்தில், ஒரே பாங்கிக் கணக்கின் மேல் உரிமை கொண்டாட ஆரம்பித்தால், அந்த வீட்டில் நடக்கும் விவாதத்துக்குச் சட்டசபை விவாதம் உறைபோடக் காணாது.

கிழக்குத் தாம்பரத்தில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் அத்தகைய விவாதம் நடந்தது. தகப்பனார் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் சிவில் எஞ்சினீயரிங்கில் பி.இ. தேறியவள். கட்டமைப்புப் பொறியியலில் எம்.இ. படிக்க வேண்டும் என்பது அவளுடைய தீர்மானம். மாடிக்கென்று சேர்த்த பணத்தைப் படிப்பில் போடுவதா என்பது தகப்பனாருடைய யோசனை. அவர் நம்மிடம் அபிப்பிராயம் கேட்டார். நாம் வாயைத் திறப்பதற்குள் பாட்டி குறுக்கிட்டு, “வீடு கட்ட மேஸ்திரி போதாதா? அதற்கு இன்னும் இரண்டு வருஷம் என்ன படிப்பு?” என்றாள்.

பாட்டியின் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. அந்தக் கேள்விக்கு விடை தெரியாத எந்தப் பிள்ளையும் பெண்ணும் அந்தப் படிப்பில் சேர்ந்து பயனில்லை.

ஓட்டு வீட்டுக்கும் ஒற்றை மாடிக்கும் மேஸ்திரியின் அனுபவம் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது உண்மைதான். ஆனால், இன்று நம் புறநகர்களில் எழும்புகிறவை எத்தகைய கட்டடங்கள்? கீழ்த்தளத்தில் மோட்டார் வண்டிகளை நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. மேலே நாலு மாடியிலும் செங்கல் சுவர்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. பூமி அசையாதிருக்கும் வரையில் இதில் விசேஷம் ஒன்றுமில்லை. சுமை நேராகக் கீழே இறங்கிப் போய்விடும். பூமி பக்கவாட்டில் அசைந்தாலோ, மேல்மாடிகள் ஒரே பெட்டியாக விறைத்து நிற்க, ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளத்துத் தூண்களே தாங்க வேண்டி வரும். 2001-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி குஜராத்தில் பூகம்பம் உண்டானபோது, பூஜ்ஜிலும் ஆமதாபாத்திலும் இத்தகைய கட்டடங்கள் பல விழுந்தன. அதே வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் உண்டான நடுக்கத்தைச் சென்னைவாசிகளும் உணர்ந்தார்கள். 2002-இல் இந்தியப் பூகம்ப விதிகளைத் திருத்தியபோது, இரண்டாம் வலயத்திலிருந்த சென்னையை மூன்றாம் வலயத்துக்கு மாற்றினார்கள்.

அசையாத சுமையைக் கணக்கிட பி.இ. படிப்பில் கற்றுக்கொடுக்கிறார்கள். அசையும் கட்டடம் எப்படி நடந்துகொள்ளும், எந்த இடத்தில் முதலில் விரிசல் காணும், எவ்வளவு வளைந்தும் முறியாமல் நிற்கும் என்பவற்றை விஸ்தாரமாக ஆராய்வது எம்.இ. படிப்பில்தான். பாட்டிக்கு நாம் சொன்ன பதில் இது: “தென்னை காற்றில் ஏன் வளைந்து கொடுக்கிறது, முருங்கை ஏன் முறிகிறது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் படிப்பு.”

இந்தப் படிப்புக்கு நம்முடைய வட்டாரத்தைக் காட்டிலும் நல்ல பாடசாலை கிடையாது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கரும்பாறைக்கு ‘சார்னோகைட்’ என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல் போயிருந்ததால், 1893-இல் ஹாலந்து என்னும் புவியியல் நிபுணர் அப்பெயரைச் சூட்டினார். அந்தப் பாறையிலிருந்து கிழக்கே சில மைல் சென்றால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஓரிடத்தில் கடைக்கால் தோண்ட உளி வேண்டும். மற்றோர் இடத்தில் கடப்பாறை தானே உள்ளே இறங்கும். இரண்டு இடத்திலும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு வீடு கட்டுகிறவரை என்னவென்று சொல்வது?

2014-ஆம் வருஷம் ஜூன் 28-ஆம் தேதி மாலை, மழைக்கிடையே, போரூருக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்தது. அறுபத்தொருவர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அந்த வீடுகளில் ஒருநாளும் குடியிருக்கப் போகிறவர்கள் அல்லர். பக்கத்தில் எஞ்சி நின்ற கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். கணக்குப் புத்தகத்தில் தவறு நேர்ந்தால் சிவப்பு மையால் திருத்தலாம். தூணின் கணக்கில் தவறு நேர்ந்தால் திருத்துவதற்கு மை இல்லை.

தகப்பனார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “செலவு?” என்றார். நியாயமான கேள்வி. ‘கேட்’ பரீட்சை வருஷந்தோறும் பிப்ரவரியில் நடைபெறுகிறது. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க். பெற்ற மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும்; ஆகையால் முதல் முறையே இடம் கிடைக்கவில்லையென்று மனமுடைய வேண்டியதில்லை. அதில் தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகச் சேர்கிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எட்டிவிடக்கூடிய கிண்டியில் 1794-இல் சர்வே பள்ளியாகத் தோன்றிய பொறியியல் கல்லூரி இருக்கிறது. பக்கத்திலேயே, 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் ஏற்பட்ட ஐ.ஐ.டி. இருக்கிறது. தரமணியில் மத்திய சர்க்காரின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம் என்றதும் பாட்டியின் எதிர்ப்பு பாதி கரைந்துவிட்டது.

மீதிப் பாதியைக் கரைத்தவள் பெண்தான். “அப்பா, மாடி போட வேண்டும் என்கிறீர்களே, இந்த வீட்டுக்குக் கடைக்கால் எத்தனை அடி? தூணில் எத்தனை கம்பி?” என்று கேட்டாள். தகப்பனார் நம்மைப் பார்த்தார். நாம் கூரையைப் பார்த்தோம். கட்டிய மேஸ்திரி காலமாகிப் பத்து வருஷமாகிறது. “சரி, மாடி காத்திருக்கட்டும்” என்றார் தகப்பனார்.

இதே யோசனையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் நாம் சொல்லக்கூடியது சொற்பமே. நாலு பேர் சேர்கிறார்கள் என்பதற்காகவோ, வேலை கிடைக்கும் வரையில் பொழுது போக வேண்டும் என்பதற்காகவோ எம்.இ.யில் சேர்க்க வேண்டாம். சேருமுன் கல்லூரியின் முகப்பைப் பார்க்காமல் பரிசோதனைச் சாலைக்குள் நுழைந்து பாருங்கள். கம்பியை இழுத்து முறிக்கும் இயந்திரத்தின் மேல் தூசி படிந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். முடிந்தால் ஒரு வருஷம், கட்டுமான இடத்தில் வெயிலில் நின்று, கம்பி கட்டுவதையும் கான்கிரீட் போடுவதையும் கண்ணால் பார்த்த பிறகு படிப்பது இன்னும் விசேஷம். வரைபடத்தில் நேராக இருக்கும் கம்பி, தளத்தில் எப்படியெல்லாம் கோணிக்கொள்கிறது என்பது அப்பொழுதுதான் தெரியும்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்பீர்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன தோழன் முதல் சில வருஷங்களில் அதிகம் சம்பாதிக்கக்கூடும். இதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இந்தத் தொழிலில் பாராட்டும் அரிது. கட்டடம் நின்றால் அதை வரைந்தவரை ஒருவரும் விசாரிப்பதில்லை. உள்ளே குடியிருப்பவர்கள் பயமின்றித் தூங்குவார்கள், அவ்வளவுதான். அந்தத் தூக்கமே போதும் என்று நினைக்கிற பிள்ளையோ பெண்ணோ உங்கள் வீட்டில் இருந்தால், தடை சொல்லாதீர்கள். நம் ஊருக்கு அப்படிப்பட்டவர்கள் நிறைய வேண்டும்.