பெரியம்மா வீட்டு மாடியும் நான் எடுத்த பொய்ப் படமும்

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

“டேய், கம்ப்யூட்டர்லயே வீடு கட்றியாமே... என் மாடி ரூமக் கொஞ்சம் கட்டிக் காட்டேன், பாப்பம்!”

எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் பெரியம்மா இப்படிக் கேட்டபோது எனக்கு ஒரே குஷி. கொடுங்கையூரில் கால் கிரவுண்டு மனை, இருபதுக்கு முப்பது. கீழே ஏற்கெனவே வீடும் கடையும் இருக்கிறது. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாடியில் ஒரு ரூம் போட வேண்டும். மேஸ்திரி பேப்பரில் ஒரு பிளான் போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பெரியம்மா நேராகப் பிடித்துப் பார்த்தாங்க, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாங்க. இரண்டும் அவங்களுக்கு ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் பிளான் பார்க்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால்தான் அந்தப் பேப்பர் என் கைக்கு வந்தது.

நண்பர்களே, கட்டடத்தின் டிஜிட்டல் மாடலிலிருந்து படம் எடுப்பது எப்படி என்று நம்மில் பலருக்குத் தெரியும். முதல் ஆண்டு மாணவர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டிராயிங் போர்டில் நாம் போடும் கோடு வெறும் கோடு. மாடலில் போடும் சுவர் அப்படியல்ல. அதற்குத் தன் கனம் ஒன்பது அங்குலமா நாலரை அங்குலமா என்பது தெரியும். தன்னில் ஜன்னல் எங்கே இருக்கிறது, தான் செங்கல்லா கான்கிரீட்டா என்பதும் தெரியும். அந்த மாடலுக்கு முதலில் மெட்டீரியல் பூச வேண்டும். பிறகு வெளிச்சம் கொடுக்க வேண்டும். பிறகு கேமரா வைக்க வேண்டும். கடைசியில் ரெண்டர் பட்டனை அழுத்தினால், ஒளிக்கதிர் எந்தச் சுவரில் பட்டு எங்கே தெறிக்கும் என்று கம்ப்யூட்டர் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டுப் படமாக்கும். இந்தக் கணக்கின் சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா என்பவர் 1986-இல் வெளியிட்டார். அன்று ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த வித்தை இன்று நம் லேப்டாப்பில் ஓடுகிறது. நான் பயன்படுத்திய பிளெண்டர் மென்பொருளுக்கும் ஒரு கதை உண்டு. அதை நடத்திய கம்பெனி மூடப்பட்ட பிறகு, உலகெங்கும் இருந்த பயனாளர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி 2002-இல் அதை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். காசு இல்லாத மாணவனும் இன்று ரெண்டர் போட முடிகிறதென்றால் முகம் தெரியாத அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

மூன்று நாள் உட்கார்ந்து மாடலைப் போட்டேன். ஒரு ராத்திரி முழுக்க லேப்டாப் ரெண்டர் ஆனது. அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி கொதித்தது. காலையில் வந்த படத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். பளபளக்கும் டைல்ஸ். பின்சுவரில் பெரிய ஜன்னல், அதற்கு வெளியே பச்சைப் புல்வெளி, நீல வானம், பெயர் தெரியாத ஏதோ சீமை மரம். தெருப்பக்கப் படத்தில் ஒரு சிவப்புக் கார். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர். எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் பொருட்கள்தான். இழுத்துப் போட்டால் வந்து நிற்கும்.

கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். இட்லி சாப்பிட வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். “இன்ஜினியர் தம்பி சோக்காப் போட்டுக்கீது!” என்றார் ஒருவர். பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாங்க. கொஞ்ச நேரம் கழித்து, “இன்னாடா இது, பின்பக்கம் குப்பமேடு தானே கீது? புல்லு எப்பிடி வந்துச்சு?” என்று கேட்டாங்க. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “அது சும்மா அழகுக்குப் போட்டது பெரியம்மா.”

வெளியூர் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். பெருங்குடி போலவே சென்னை மாநகராட்சியின் இன்னொரு பெரிய குப்பைக் கிடங்கு எங்கள் கொடுங்கையூர். சுமார் 250 ஏக்கரில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த குப்பை. அதைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பயோமைனிங் வேலை இப்போது நடக்கிறது. ஆனாலும் காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் நாளில் நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிடுவோம். அந்தப் பக்கத்தில் நான் புல்வெளி போட்டிருந்தேன்!

அது போகட்டும். அடுத்து பெரியம்மா சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

“ரூம் நல்ல பெரிசா வருதுடா. கட்டிலும் போட்டு, பீரோவும் வெச்சி, மருமவ தையல் மெஷினும் வெக்கலாம். கொஞ்சம் சின்னதா வருமோன்னு யோசிச்சினு இருந்தேன். இனிமே யோசனை இல்ல. வெள்ளிக்கிழமை செயின வெச்சிட்டு வேலைய ஆரம்பிச்சிர்றேன்.”

எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் அந்த ரூம் பத்துக்கு ஒன்பது. படத்தில் அது ஹால் மாதிரி தெரிந்ததற்குக் காரணம் நான். உள்ளே கேமராவை வைத்தால் முழு ரூமும் படத்தில் வரவில்லை. அதனால் ஒரு பக்கச் சுவரை மறைத்துவிட்டு, கேமராவை வீட்டுக்கு வெளியே அந்தரத்தில் நிறுத்தி, அகல லென்ஸ் போட்டு எடுத்தேன். எந்த மனிதனும் நிற்க முடியாத இடத்தில் நின்று எடுத்த படம் அது. கிட்டே இருந்தது பெரிதாகி, எதிர்ச்சுவர் தூரமாகப் போய்விட்டது. ரூம் வளர்ந்துவிட்டது!

அன்று ராத்திரி புரண்டு புரண்டு யோசித்தேன். புல்வெளி என்ற பொய்யைப் பெரியம்மா ஒரே பார்வையில் பிடித்துவிட்டாங்க. ஏனென்றால் குப்பைமேடு அவங்களுக்குத் தெரியும். லென்ஸ் சொன்ன பொய்யை எப்படிப் பிடிப்பாங்க? அதைத் தெரிந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். நானோ “இன்ஜினியர் தம்பி” என்ற பட்டத்தைக் கேட்டுப் பூரித்துப் போய் நின்றேன்.

பெரிய கட்டடக் கம்பெனிகளின் விளம்பரப் படங்களுக்கு இன்று சட்டம் இருக்கிறது. ரேரா என்கிறோமே, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதன் 12-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி ஒருவர் முன்பணம் கட்டி, அதில் சொன்னது பொய்யென்று ஆகி நஷ்டப்பட்டால், கட்டுபவர் ஈடு கொடுக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டியது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமும் எட்டுக்கு மேற்பட்ட வீடுகளும் கொண்ட திட்டங்கள்தான். பெரியம்மா வீட்டு மாடி ரூமுக்கு ரேரா வராது. அங்கே இருந்த ஒரே சட்டம் என் மனசாட்சி. அது ராத்திரி இரண்டு மணிக்கு வேலை செய்ய ஆரம்பித்தது!

மறுநாள் புதன்கிழமை. காலேஜ் விட்டு வந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். “பெரியம்மா, அந்தப் படம் தப்பு. ரூம் அவ்ளோ பெரிசு கிடையாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க, வேற படம் காட்டறேன்” என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவங்க ஒன்றும் திட்டவில்லை. “சரி, காட்டு” என்று மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இந்தத் தடவை முதலில் ஊரைச் சரிசெய்தேன். மென்பொருளில் இடம் எங்கேயோ வெளிநாட்டில் இருந்தது. அதைச் சென்னைக்கு மாற்றினேன். நாம் இருப்பது வடக்கே 13 டிகிரியில். டிசம்பரில் உச்சி வெயில் தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். ஜூன் மாதம் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். நடுவில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் நேரே உச்சந்தலையில் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு அப்போது நிழலே இருக்காது. இதெல்லாம் மாடலுக்குத் தெரியும். நாம்தான் ஊரைச் சொல்ல வேண்டும்.

அடுத்து அக்கம்பக்கத்து வீடுகளையும் மாடலில் சேர்த்தேன். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர். அதைப் போட்டதும் என் ரூமில் பாதி வெளிச்சம் போய்விட்டது. பிறகு கேமராவை ரூமுக்கு உள்ளேயே வைத்தேன். நிற்பவர் பார்வைக்கு ஐந்தடி உயரம். தரையில் உட்கார்ந்து பூத் தொடுப்பவர் பார்வைக்கு இரண்டரை அடி. முழு ரூமும் ஒரு படத்தில் வராவிட்டால் பரவாயில்லை, நாலு படம் எடுப்போம் என்று முடிவு செய்தேன். கட்டில், பீரோ, தையல் மெஷின் மூன்றையும் டேப்பில் அளந்து அதே அளவில் செய்து வைத்தேன். கட்டிலும் பீரோவும் அடங்கின. தையல் மெஷின் கதவை அடைத்தது!

இன்னொன்று. இலவசப் பொருட்களில் சோபா ஆயிரம் இருந்தது. நம் பிளாஸ்டிக் குடம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. நானே செய்தேன். பச்சை ஒன்று, ஆரஞ்சு ஒன்று. அதைக் கொண்டுபோய் மாடிப்படியில் வைத்தபோதுதான் படி உறைத்தது. பத்தடி உயரத்துக்குப் பதினைந்து படி, ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். வீட்டுப் படி 190 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது ஏழரை அங்குலத்துக்கு மேல் உயரக்கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். ஆனால் அந்தக் குடம் வந்து நிற்கும் வரை நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கடை கூட்டம் குறைந்த பிறகு, லேப்டாப்பை இட்லிக் குண்டான் பக்கத்தில் வைத்துப் படங்களைக் காட்டினேன். பழைய பளபளப்பு இல்லை. வானம்கூட வெள்ளையாகத்தான் இருந்தது. மேஸ்திரியும் வந்திருந்தார்.

பெரியம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. கேள்வி கேட்டாங்க. அதுவும் ஒன்றிரண்டல்ல!

“ஜன்னல் ஏன் குப்பமேட்டப் பாத்துனு கீது? தெருப்பக்கம் வெச்சா ஆவாதா?”

வைத்துப் பார்த்தோம். தெரு மேற்குப் பக்கம். மே மாதம் மாலை நாலு மணி என்று போட்டதும் வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து கட்டில் மேல் விழுந்தது. “தட்டி கட்டிக்கலாம். வெயிலு சாயங்காலம் போயிரும், நாத்தம் போவாது” என்றாங்க பெரியம்மா. பின்பக்கம் மேலே மூடித் திறக்கிற மாதிரி ஒரு சின்ன வென்டிலேட்டர் மட்டும் போதும் என்று முடிவானது.

“குடத்த வெச்சினு இந்தப் படில திரும்ப முடியாதுடா.”

பதினாறு படியாக்கினோம். உயரம் ஏழரை அங்குலமானது. திருப்பத்தையும் அகலப்படுத்தினோம். கதவைச் சுவர் நடுவிலிருந்து மூலைக்குத் தள்ளினோம். தையல் மெஷினுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேஸ்திரி தன் பங்குக்கு, “தம்பி, பீம் எங்க? சீலிங்க வழவழன்னு காட்டினா எப்புடி?” என்று ஒரு குட்டு வைத்தார். அதையும் போட்டேன்.

அந்த ரூம் ஒரு அடிகூடப் பெரிதாகவில்லை. ஆனால் அன்று முழுக்க ஒரு பெண்மணி தன் வீட்டைத் தானே டிசைன் செய்ததை நான் பார்த்தேன். பிளான் படிக்கத் தெரியாது என்று நினைத்தவங்க, படம் உண்மையாக இருந்ததும் நான் மூன்று வருஷம் படித்தும் கேட்காத கேள்விகளைக் கேட்டாங்க. இருபது வருஷமாகக் குடம் தூக்கியவங்களுக்குப் படிக்கட்டைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்?

எல்லாம் பார்த்து முடித்து எழுந்தவங்க, “சின்னதுதான். ஆனா இப்ப தெரிஞ்சு கட்றேன்” என்று சொல்லிவிட்டு, செயினைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினாங்க. போகும்போது என் தட்டில் இரண்டு இட்லி கூடுதலாக விழுந்தது. ரூமுக்கு இப்போது தளம் போட்டாகிவிட்டது. ஆடிக் கழிந்ததும் கல்யாணம்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் இந்த வேலைக்குத்தான் போகப் போகிறோம். ‘இன்னும் கொஞ்சம் பெரிசாத் தெரியணும்பா’ என்று நமக்கு மேலே உள்ளவர்கள் சொல்லக்கூடும். மரம் வைக்கட்டும், கார் நிறுத்தட்டும். அதையெல்லாம் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். லென்ஸையும் சுவரையும் வெயிலையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. பிளான், எலிவேஷன், செக்‌ஷன் எல்லாம் நமக்குள் பேசிக்கொள்ளும் பாஷை. படிக்காதவர்களுக்கும் புரிகிற ஒரே டிராயிங் இந்தப் படம்தான். நம் அப்பா அம்மாவுக்குப் புரியும் அந்த ஒரே பாஷையிலும் பொய் சொன்னால், நாம் படித்து என்ன பயன்?

அதனால் ரெண்டர் பட்டனை அழுத்தும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். கேமரா நிற்கும் இடத்தில் ஒரு மனிதர் நிற்க முடியுமா? சூரியன் நம் ஊர்ச் சூரியனா? ஜன்னலுக்கு வெளியே உண்மையில் என்ன இருக்கிறது?

நான் செய்த பச்சைக் குடமும் ஆரஞ்சுக் குடமும் வேண்டுபவர்கள் பென் டிரைவ் கொண்டு வாருங்கள். இலவசம்தான்!