கருப்புக்கும் துணை வேண்டும்

மும்பையில் தமிழ் டிசைன் வேலை பார்ப்பவருக்கு மற்ற நிறங்களைவிடக் கருப்போடுதான் வழக்கு அதிகம். மாட்டுங்கா, செம்பூர் கல்யாணப் பத்திரிகைகளில் அந்தத் தொல்லை இல்லை. கருப்பு ஆகாது என்று மெரூனிலும் மஞ்சளிலும் முடித்துவிடுவார்கள். தாராவியில் கண்ணீர் அஞ்சலி பேனருக்கோ கட்சிக் கொடிக்கோ அப்படித் தப்ப முடியாது.

“அண்ணே, மொபைல்ல நல்லா கன்னங்கரேல்னு இருந்துச்சே, இதுல சாம்பலா இருக்கே?” இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை. கேட்பவர்மேல் குற்றமில்லை. ஓஎல்இடி திரையில் கருப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்துவிட்டது என்று பொருள். தாளில் வெளிச்சத்தை அணைக்க மை வேண்டும். கே 100 என்று கருப்பு மையை மட்டும் ஓட்டினால், பெரிய பரப்பில் அது அடர்சாம்பலாகத்தான் தெரியும். கூடவே சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 சேர்த்தால்தான் ஆழம் வரும். ‘காலா’ (2018) படத்தின் கடைசிக் காட்சியில் தாராவியெங்கும் கருப்பு, சிவப்பு, நீலப் பொடி பறக்கும். பா. ரஞ்சித் அதை அரசியலாகச் சொன்னார். எனக்கு அது தொழில் பாடமாகவும் பட்டது. மற்ற நிறங்களோடு சேர்ந்தால்தான் கருப்பு முழுசாகும்.

அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. மேலே சொன்ன கலவையின் நான்கு மைகளையும் கூட்டினால் 240 சதவீதம். செய்தித்தாளுக்கு அதுவே உச்சம். ஆர்ட் பேப்பர் 300 வரை தாங்கும். டிசைன் மென்பொருளின் நிறப்பட்டியலில் உள்ள ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற கட்டம் திரையில் கருப்பாகவே தெரியும். அதை எடுத்துப் பூசினால் நான்கு மையும் நூறு நூறாக விழுந்து 400. மும்பையின் ஜூலை ஈரத்தில் அந்தத் தாள் எப்போது காய்வது? அடுக்கி வைத்தால் மேல் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

சின்ன எழுத்துக்கு நியாயம் வேறு. அங்கே கே 100 மட்டும் போதும். கலவைக் கருப்பு போட்டால், நான்கு பிளேட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும் ‘ண’வின் சுழியில் சிவப்பு நிழல் தட்டும்; புள்ளி எழுத்தோடு அப்பிக்கொண்டு ‘க்’ என்பது ‘க’ போலத் தெரியும்.

இன்னொரு வம்பு, ஒரே பேனரில் இரண்டு கருப்பு. திரைக்கான ஆர்ஜிபி முறையில் கருப்பு என்றால் மூன்றும் பூஜ்யம்; புகைப்படத்தில் உள்ள அந்தக் கருப்பை ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பு 75, 68, 67, 90 என்று மாற்றும். அது அமெரிக்க அச்சுத்தாளுக்குப் போட்ட கணக்கு. அப்படி மாறிய புகைப்படத்தைக் கே 100 பின்னணியில் ஒட்டினால், இறந்தவர் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் துருத்திக்கொண்டு நிற்கும். திரையில் அது பெரும்பாலும் தெரியாது.

கருப்பைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், எண்ணால் தேர்ந்தெடுங்கள். ஃபைலை அனுப்புமுன் என்ன தாள், எத்தனை சதவீதம் மை தாங்கும் என்று பிரஸ்காரரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு போன் காலில் முடிகிற வேலை அது.