ஓர் ஒற்றெழுத்தின் இடம்

காலை ஆறு மணிக்குக் கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயிலுக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தில், தன் தோளினும் அகலமான அட்டைப் பையொன்றைக் காற்றில் பறக்காமல் அணைத்துக்கொண்டு நிற்கும் மாணவி ஒருத்தியைக் கடந்த இரண்டாண்டுகளாகப் பலர் பார்த்திருக்கக்கூடும். கோலாலம்பூரில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் அவள் வரைகலை பயில்கிறாள். புக்கிட் பாடாக், ஷா ஆலம், பத்து தீகா, சுபாங் ஜெயா என ஒவ்வொன்றாக நின்று நின்று, ஒரு மணி நேரத்திற்கும் மேலாக ஊர்ந்து, அவளைக் கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது அந்த ரயில். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்குக் கிடைத்த தனியறை. மடியில் ஒரு குறிப்பேட்டை விரித்து, அவ்வாரம் தான் செய்த பயிற்சியைப்பற்றி எழுதிக்கொண்டே வருவாள். தான் எதைச் செய்தோம், எங்கே தவறினோம், எதைக் கற்றோம் என்று வாரந்தோறும் எழுதி வைப்பதும், ஆண்டின் முடிவில் அதைத் தொகுத்து ஒப்படைப்பதும் அவள் பாடத்தின் ஒரு பகுதி.

அக்குறிப்பேட்டின் முதற்பக்கங்கள் பெருமிதம் நிறைந்தவை. புள்ளியும் கோடும் மட்டும் கொண்டு நாற்பது அமைப்புகளை வரைக என்பது முதல் பயிற்சி. உடன் பயில்வோர் விழி பிதுங்கியிருக்க, இவள் ஒரே இரவில் நாற்பதையும் முடித்துவிட்டாள். வாசலில் தாய் இட்ட கோலங்களைப் பார்த்து வளர்ந்த கைக்குப் புள்ளியும் கோடும் புதியனவா, என்ன? ஆனால், விரிவுரையாளர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவை அழகாக இருக்கின்றன, ஆனால், இவற்றில் நீ எடுத்த முடிவு எது?" என்று கேட்டார். அவளிடம் விடை இல்லை. அன்றிரவு அவள் ஒரு புள்ளிக் கோலத்தை எடுத்து, அதன் நடுவிலிருந்து ஒரு புள்ளியை மட்டும் அழித்துப் பார்த்தாள். சுற்றிவந்த கோடு அந்த இடத்தில் தடுமாறியது. கோட்டை வேறு வழியில் திருப்பவேண்டி வந்தது. திருப்பியதும் கோலம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வைச் சரிசெய்ய இன்னும் மூன்று முடிவுகள் எடுக்க நேர்ந்தன. குறிப்பேட்டில் அன்று எழுதியது ஒரே வரிதான்: 'இன்றுதான் தொடங்கினேன்.'

வண்ணப் பயிற்சி, நிழற்படப் பயிற்சி, பொட்டலப் பெட்டி செய்யும் பயிற்சி ஆகியவை வந்தன, போயின. அவற்றில் அவள் பெற்ற மதிப்பெண்கள் நடுத்தரமானவை. குறிப்பேடும் அங்கே சுருக்கமாகவே பேசுகிறது.

மூன்றாம் பருவத்தில் எழுத்தியல் வந்தது. ஏதேனும் ஒரு தெருவைத் தேர்ந்து, அங்குள்ள எழுத்துகளை ஆராய்ந்து வருமாறு பணித்தார்கள். அவள் பிரிக்பீல்ட்ஸைத் தேர்ந்தாள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ்தான் என்பதைத் தவிர அத்தேர்வுக்கு வேறு காரணம் இல்லை. 1881ஆம் ஆண்டின் தீக்கும் வெள்ளத்திற்கும் பிறகு கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டியெழுப்ப முற்பட்டபோது, செங்கற்சூளைகள் எழுந்த இடம் அது. அதனாலேயே அப்பெயர் பெற்றது. பின்னர் இருப்புப்பாதைப் பணியாளர்கள் நிறைந்து வாழ்ந்த குடியிருப்பாயிற்று. அவர்களுடைய பழைய ரயில் பணிமனை நிலத்தின்மேல்தான் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் சாலை என்றிருந்தது துன் சம்பந்தன் சாலையாகப் பெயர் மாறியது. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பகுதி 'லிட்டில் இந்தியா' என்று முறைப்படித் திறந்துவைக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் அறிக்கையின் முன்னுரைக்காகத் தேடிப் படித்தாள். ஆனால், அவளை நிறுத்தியவை பெயர்ப்பலகைகளே. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்றவள். இடைநிலைப்பள்ளியிலும் ஐந்தாம் படிவம்வரை தமிழை விடாமல் படித்தவள். எனினும், ஒரு தமிழ்ப் பலகையை அவள் படித்திருக்கிறாளே ஒழியப் பார்த்ததில்லை. இப்பொழுது பார்த்தாள். தேசிய மொழி முதன்மையாக விளங்கவேண்டும் என்பது பலகைகளுக்குரிய விதி. ஆகவே, தமிழுக்குக் கிடைப்பது எஞ்சிய இடம். அந்த இடத்தில் 'புடவை மாளிகை' என்பதையோ, 'மளிகைப் பொருள்கள் மொத்த விற்பனை' என்பதையோ அடக்க, எழுத்துகளைப் பக்கவாட்டில் நெருக்கியிருந்தார்கள். அல்லது மேலும் கீழும் இழுத்திருந்தார்கள். நெருக்கிய 'ண' மூச்சுத் திணறி நின்றது. கடைக்குக் கடை ஒரே எழுத்துருவே திரும்பத் திரும்ப வந்தது. நகைக்கடைக்கும் அதுவே, ஈமச்சடங்குப் பொருள் விற்கும் கடைக்கும் அதுவே. ஒரு துணிப்பதாகையில் 'கொ' என்னும் எழுத்தின் கொம்பு, முன்னால் நிற்கவேண்டியது, 'க'வுக்குப் பின்னால் போய் நின்றிருந்தது. கணினியில் மெய்யும் அதன் பின்னர் உயிர்க்குறியுமாகவே எழுத்துகள் பதிவாகின்றன. கொம்பை முன்னுக்குக் கொணர்ந்து காட்டுவது மென்பொருளின் வேலை. தமிழுக்குரிய அமைப்பை இயக்காமல் விட்டால் இப்படி ஆகும் என்று பிறகுதான் அவள் அறிந்தாள். அறியாத ஒருவர் அச்சிட்டிருந்தார். அறிந்த நூற்றுக்கணக்கானோர் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தனர்.

இந்தக் கோபத்தோடுதான் அவள் ஒரு தமிழ் எழுத்துருவைத் தானே வரைவது என்று துணிந்தாள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள் என்று எண்ணியதும் துணிவு பாதி கரைந்தது. வீட்டில் தாத்தாவிடம் சொல்லிப் புலம்பினாள். அவர் சிரித்தார்.

எண்பதைக் கடந்த அந்த முதியவர், ஈய எழுத்துகள் வழக்கொழியும்வரை கிள்ளானில் ஒரு சிறிய அச்சகத்தில் அச்சுக்கோத்தவர். கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா அறிக்கை, கருமாதி அழைப்பு என்று ஊரின் நன்மை தீமை எல்லாம் அவர் விரல்களின் வழியாகவே சென்றன. "இருநூற்று நாற்பத்தேழை யாரம்மா வார்த்தார்கள்? ஆ, எ, ஐ வரிசைக்குக் காலும் கொம்பும் தனியாகக் கிடக்கும். எடுத்துப் பக்கத்தில் வைப்போம். இகரமும் உகரமும்தான் ஒட்டிப் பிறந்தவை. அவற்றை வரைந்துவிட்டாயானால் வேலை முடிந்தது" என்றார்.

பிறகு ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் உகர வரிசையை எழுதிக் காட்டினார். சு, பு, யு, வு ஆகியவை நேராகக் கீழிறங்கும் ஒரு குடும்பம். ணு, து, நு, லு, னு ஆகியவை கீழே போய்ச் சுழித்து வலப்பக்கம் மேலெழும் மற்றொரு குடும்பம். மு, ரு, ழு, ளு ஆகியவை அடியில் வளைபவை. முதலாம் ஆண்டில் தமிழாசிரியர் எழுத்துகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து எழுதப் பழக்கியது அவளுக்கு அப்பொழுது நினைவுக்கு வந்தது. எழுத்துரு வரைவோர் இன்று கணினியில் செய்யும் பாகுபாடும் அதுதான். ஒரு குடும்பத்தில் ஒன்றைச் சரியாக வரைந்தால் மற்றவை அதன் சாயலில் வந்துவிடும். பாடத்திட்டத்தில் இல்லாத இப்பாடத்தை நாட்காட்டித் தாளோடு அவள் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

தாத்தா மேலும் சொன்னார். 'லை', 'னை', 'ணை' போன்றவற்றை யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு கோத்த காலம் அது. 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றுக்கும் தனி அச்சுகள் இருந்தன. பெரியார் 1935இல் குடியரசு இதழில் கையாளத் தொடங்கிய மாற்றங்களுள் பதின்மூன்று எழுத்துகளுக்கு உரியவற்றைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. பின்னர் அவை இந்நாட்டிலும் வழக்காயின. அப்பழைய அச்சுகளைப் பெட்டியிலிருந்து ஒதுக்கியபோது தமக்கு வருத்தமா மகிழ்ச்சியா என்று தெரியவில்லை என்று தாத்தா கூறினார். பெட்டி இலேசாயிற்றாம், ஆனால், விரல் சில மாதங்கள் பழைய அறைக்கே போயிற்றாம்.

அதன்பின் அவள் தேடிப் படித்தவை பல. கொல்லத்தில் 1578இல் அச்சான தம்பிரான் வணக்கம். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேறுபாடு காட்டப் புள்ளிக்குப் பதிலாக வேறு வடிவங்களை வகுத்த வீரமாமுனிவர். செருமனியின் ஆல்லே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தமையால், தாளை மிச்சப்படுத்த அங்கேயே சிறிய எழுத்துகளை வார்க்க நேர்ந்த கதை. இடப் பற்றாக்குறை தமிழெழுத்துக்குப் புதிதன்று என்று அப்பொழுது அவளுக்குத் தோன்றிற்று. தொலைவில் தேடியவளுக்கு அருகிலிருந்தது இறுதியாகவே கிடைத்தது. கணினியில் தமிழை இயக்க 1985இலேயே முரசு என்னும் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்நாட்டவர். அவர் வரைந்த இணைமதி என்னும் எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றிருக்கிறது. அவ்வெழுத்துருவைத் தன் கணினியில் நெடுநாள் பயன்படுத்தி வந்தும், அதை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவளது முதல் எழுத்துரு தோற்றது. புகழ்பெற்ற ஆங்கில எழுத்துரு ஒன்றின் துண்டுகளை வெட்டி ஒட்டித் தமிழ் எழுத்துகளை ஆக்கியிருந்தாள். தாத்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, தாளை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "வேட்டிக்குச் சட்டைப்பை தைத்தாற்போல் இருக்கிறது" என்றார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இரண்டாம் எழுத்துருவைத் தட்டை முனைப் பேனாவால் கையால் எழுதிப் பார்த்துத் தொடங்கினாள். அது தேறியது.

அந்த எழுத்துருவைக் கொண்டு ஒரு பொதுப்பணி செய்து காட்டவேண்டும் என்பது இறுதிப் பயிற்சி. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி நடத்தவிருந்த புத்தகக் கண்காட்சிக்குச் சுவரொட்டி செய்து தர ஒப்புக்கொண்டாள். இரண்டு சொற்கள்தாம். அவற்றைத் தாளின் முழு அகலத்திற்கும் ஒரே வரியில் பெரிதாக நிறுத்துவது என்பது அவளது திட்டம். ஒரெழுத்து மிகுந்து நின்றது. எழுத்துகளைச் சிறிதாக்கினால் கம்பீரம் போயிற்று. நெருக்கினாலோ, பிரிக்பீல்ட்ஸில் தான் கண்டு கொதித்த அதே குற்றம். நடுவிலிருந்த 'க்' மட்டும் இல்லையென்றால் எல்லாம் அளந்து வைத்தாற்போல் அமைந்தது. இரவு இரண்டு மணி. அவள் 'க்'கை எடுத்துவிட்டாள். கடைகளில் எத்தனையோ பேர் அதை எழுதுவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

'புத்தக கண்காட்சி' அச்சாயிற்று. பள்ளியின் வாயிலிலும் தெங்கு கிளானா சாலைக் கடைகள் சிலவற்றிலும் ஒட்டப்பட்டது. கல்லூரியில் அவ்வாண்டு அவள் பெற்ற மதிப்பெண்களிலேயே உயர்ந்தது அதற்குத்தான் கிடைத்தது. எழுத்துகளுக்கிடையே உள்ள இடைவெளி நுட்பமாக அமைந்திருப்பதாக விரிவுரையாளர் எழுதியிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவ்வகுப்பில் அவளைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது.

சுவரொட்டியின் படியை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினாள். தாத்தா நெடுநேரம் பார்த்தார். எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்றார். பின்னர் இரண்டு சொற்களுக்கும் நடுவே விரலை வைத்து, "இங்கே ஒன்று விழுந்துவிட்டதா, அம்மா?" என்று கேட்டார். ஈய எழுத்துகள் சட்டத்திலிருந்து நழுவி விழுவதுண்டு. அச்சுக்கோப்பவர்கள் அதை அப்படித்தான் கேட்பார்கள். விழவில்லை, தானே எடுத்தேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. விழுந்துவிட்டது என்றாள்.

அடுத்த நாள் ரயிலில் குறிப்பேடு மூடியபடியே இருந்தது. ஆண்டறிக்கை ஒப்படைக்க ஒன்பது நாள் இருந்தது. அந்த அறிக்கையைப் படிப்பவர் எவரும் இக்குற்றத்தைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. எழுதாமல் விட்டால் உயர்ந்த மதிப்பெண் அப்படியே இருக்கும். எழுதினால், தன் வடிவமைப்பின் சிறப்பெனப் போற்றப்பட்ட அந்த இடைவெளியே ஒரு பிழையினால் கிடைத்தது என்று தானே காட்டிக்கொடுத்ததாகும். பெயர்ப்பலகைகளைப்பற்றி அவள் முன்பு எழுதிய சினம் மிகுந்த பக்கங்களும் அதே அறிக்கையில்தான் வருகின்றன. அவள் ஷா ஆலம் கடந்த பிறகே பேனாவைத் திறந்தாள்.

எழுதியது நான்கு பக்கம். வல்லினம் மிகும் இடத்தை ஆங்கிலத்தில் விளக்குவது எளிதன்று. ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்கும்போது, இரண்டும் உறவுடையன என்பதைக் காட்ட நடுவே அந்த ஒற்று தோன்றுகிறது. அதை நீக்கினால் இரு சொற்களும் அயலார்போல் நிற்கின்றன என்று எழுதினாள். பிறகு இலக்கணத்தை விட்டுவிட்டு, 'இடம் போதவில்லை என்பதற்காக மொழியில் கைவைத்தேன்' என்று எழுதினாள்.

சுவரொட்டியை மீண்டும் வரைந்தாள். இம்முறை ஒரே வரி என்னும் திட்டத்தைக் கைவிட்டு, 'புத்தகக்' என்பதை மேலும், 'கண்காட்சி' என்பதைக் கீழுமாக அமைத்தாள். மேல்வரியின் முடிவில் நின்ற 'க்'கின் புள்ளி, வெறுமையாயிருந்த வலப்பக்க மூலையைப் பிடித்து நிறுத்தியது. முந்தியதைவிட இது நன்றாயிருந்ததா என்றால், எழுத்துகளின் பெருமிதம் சற்றுக் குறைந்தே இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை காலை, புதிய தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். வாயிலில் ஒட்டியிருந்த பழையதைத் தண்ணீர் தொட்டு நனைத்து உரித்துக்கொண்டிருந்தபோது, கூடுதல் வகுப்புக்கு வந்த சிறுவர்கள் சூழ்ந்துகொண்டனர். "அக்கா, ஏன் கிழிக்கிறீங்க? நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டான் ஒருவன். பக்கத்தில் நின்ற சிறுமி புதிய தாளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க டீச்சர் போன வாரமே சிவப்புப் பேனாவால க் போட்டுட்டாங்களே" என்றாள்.

பாதி உரிந்து தொங்கிய தாளை அவள் நிமிர்த்திப் பார்த்தாள். சிறிதாக, சாய்வாக, இரண்டு சொற்களுக்கும் நடுவே மேற்புறத்தில், அது அங்கே இருந்தது. அத்துண்டை மட்டும் கிழியாமல் உரித்தெடுத்து, உலரும்வரை கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.